வெள்ளை மாறாத குப்ரஸ் குளோரைடு: எந்த முறையில் தயாரிப்பது?

நான் முதல் தடவை செய்த குப்ரஸ் குளோரைடு வடிதாளில் இறங்கியபோது சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. சாதாரணத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினேன். காயட்டும் என்று வடிதாளோடு மேசைமேல் விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்பாட்டுலாவால் கீறிப் பார்த்தேன். நடுவில் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. வினையில் ஒரு குறையும் இல்லை. கழுவியதிலும் காயவைத்ததிலும்தான் பொருள் கெட்டது.

அதனால்தான், இதைத் தயாரிக்க எந்த முறை நல்லது என்று யாராவது கேட்டால், எதற்கு வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். காய்ந்த பொடியாகப் புட்டியில் வைக்க வேண்டுமா, அன்றைக்கே கரைசலாகப் பயன்படுத்தப் போகிறீர்களா, அல்லது மாணவர்களுக்கு வினையைக் காட்டினால் போதுமா? இந்த மூன்றுக்கும் ஒரே முறை பொருந்தாது. பாடநூல்களில் முறைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். எது எதற்கு என்று சொல்வது குறைவு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறைகளுக்குப் போகும் முன் இந்தப் பொருளின் குணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

தாமிரத்துக்கு இரண்டு குளோரைடுகள் உண்டு. குப்ரிக்கில் தாமிரம் Cu²⁺ ஆகவும், குப்ரஸில் Cu⁺ ஆகவும் இருக்கும். குப்ரிக் குளோரைடு நீரேறிய நிலையில் நீலப்பச்சை நிறம். தண்ணீரில் தாராளமாகக் கரையும். குப்ரஸ் குளோரைடு வெள்ளை; தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். 25 டிகிரி செல்சியஸில் அதன் கரைதிறன் பெருக்கம் (எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 1.7 × 10⁻⁷. இரண்டும் வேறு வேறு சேர்மங்கள் என்பதை 1799-இல் பிரெஞ்சு வேதியியலர் ஜோசப் புரூஸ்ட் பிரித்துக் காட்டினார். அதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், ராபர்ட் பாயில் மெர்குரிக் குளோரைடையும் தாமிரத்தையும் வினைபுரியவைத்து இதைப் பெற்றிருந்தார். அந்த வழியில் பாதரசம் மிஞ்சும். இன்று யாரும் அதைத் தொட வேண்டாம்.

குப்ரஸ் அயனி தண்ணீரில் தனியாக நிற்காது. இரண்டு அயனிகள் சேர்ந்தால் ஒன்று தாமிர உலோகமாகிவிடும், மற்றது குப்ரிக் அயனியாகிவிடும். இதுதான் விகிதச்சிதைவு. காரணம் மின்முனை அழுத்தத்தில் தெரிகிறது: குப்ரிக்கிலிருந்து குப்ரஸுக்குப் போக 0.15 வோல்ட், குப்ரஸிலிருந்து உலோகத்துக்குப் போக 0.52 வோல்ட். இரண்டாவது படி முதல் படியைவிட எளிது. ஆகவே இடையில் நிற்க அதற்கு வழியே இல்லை. குளோரைடு வந்தால்தான் நிலைமை மாறும். கரையாத குளோரைடாக அந்த அயனி உடனே அடங்கிவிடுவதால், குப்ரிக்கிலிருந்து குப்ரஸ் குளோரைடுக்குப் போகும் படியின் அழுத்தம் சுமார் 0.55 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. அதனால் மிதமான ஒடுக்கியே, அதாவது எலக்ட்ரான் தரும் பொருளே, போதும். சல்பைட், அஸ்கார்பிக் அமிலம், ஏன், தாமிரமே கூட அந்த வேலையைச் செய்துவிடும். அயோடைடில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: குப்ரிக் உப்புக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றினால் போதும், தனியாக ஒடுக்கி எதுவும் வேண்டாம், குப்ரஸ் அயோடைடு தானாக இறங்கும், அயோடின் பிரியும்.

ஆனால் குளோரைடு அளவுக்கு மிஞ்சினால் எதிர்ப்பக்கம் இழுக்கும். குப்ரஸ் குளோரைடு இன்னொரு குளோரைடு அயனியைப் பிடித்துக்கொண்டு, நிறமற்ற அணைவு அயனியாகக் கரைந்துவிடும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இது நன்றாகக் கரைவது அதனால்தான். அந்தக் கரைசலை நிறையத் தண்ணீரில் ஊற்றினால் மறுபடி வெள்ளையாக வெளியே வரும். தூய்மைப்படுத்த இது அருமையான வழி. விளைச்சல் நழுவிப்போகும் ஓட்டையும் இதுவேதான். ஒரு லிட்டர் கரைசலில் குளோரைடு அரை மோல் அளவுக்கு இருந்தாலே இரண்டு மூன்று கிராம் பொருள் கரைந்தே நின்றுவிடும். வீழ்படிவு குறைவாக வந்தது என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் போதுமான தண்ணீரில் ஊற்றாதவர்கள்.

அடுத்தது காற்று. ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கிடைத்தால் பச்சைக் காரக் குளோரைடாக மாறும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் வெளிப்படும். மண்ணிலிருந்து எடுத்த பழைய வெண்கலச் சிலைகளில் திடீரென்று வெளிர்பச்சைப் பொடி கிளம்பி உலோகத்தைத் தின்பதும் இதே வினைதான். அடியில் இருக்கும் குப்ரஸ் குளோரைடு ஈரக்காற்றைப் பார்க்கிறது, அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் மேலும் உலோகத்தை அரித்துப் புதிதாகக் குளோரைடை உண்டாக்குகிறது. இயற்கையில் இந்தக் குளோரைடு நாண்டோகைட் என்ற கனிமமாகக் கிடைக்கிறது. பெயர் சிலி நாட்டில் உள்ள நாண்டோகோ என்ற இடத்திலிருந்து வந்தது. படிகத்தில் ஒவ்வொரு தாமிரத்தையும் சுற்றி நான்முகியாக நான்கு குளோரைடுகள், துத்தநாக பிளெண்ட் என்ற துத்தநாக சல்பைடு கனிமத்தின் அதே அமைப்பு. குப்ரஸ் அயனியின் டி ஆர்பிட்டால்கள் நிரம்பியிருப்பதால் நிறமும் இல்லை, இணைசேராத எலக்ட்ரானும் இல்லை. ஆகவே தூய பொருளில் பச்சையோ பழுப்போ தெரிந்தால் உள்ளே குப்ரிக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாலேயே தரம் பார்க்க முடிகிற சேர்மங்களில் இது ஒன்று.

சரி, முறைகளுக்கு வருவோம். ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் 10 கிராம் நீரேறிய குப்ரிக் குளோரைடிலிருந்து கணக்குப் போடுகிறேன்.

சல்பைட் முறை

ஆய்வகங்களில் அதிகம் நடப்பது இதுதான். 10 கிராம் குப்ரிக் குளோரைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, 3.7 கிராம் சோடியம் சல்பைட் கொண்ட கரைசலைக் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்ற வேண்டும். முழுதாக வந்தால் 5.8 கிராம் கிடைக்கும். சல்பைட்டைத் தாமிரக் கரைசலில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். முதலில் பச்சை கறுத்துப் பழுப்பாகும். குப்ரஸும் குப்ரிக்கும் ஒரே கரைசலில் இருக்கும்போது வரும் நிறம் அது. பயப்பட வேண்டாம். ஊற்ற ஊற்ற வெளுத்து, வெள்ளை கனமாக அடியில் உட்காரும்.

இதன் வசதி, குப்ரிக் குளோரைடு கையில் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்பது. மயில்துத்தமும் (நீரேறிய தாமிர சல்பேட்) சாதாரண உப்பும் சேர்த்துக் கரைத்தாலும் இதே வினை நடக்கும். அப்போது 10 கிராம் மயில்துத்தத்துக்கு அதிகபட்சம் 4 கிராம் பொருள் வரும். அறை வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தொல்லைகளும் உண்டு. வினையில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் மிச்ச சல்பைட்டோடு சேர்ந்தால் சல்பர் டைஆக்சைடு கிளம்பும். தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் நிற்கவே கூடாது. பியூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) இல்லாமல் இந்த முறையைத் தொட வேண்டாம். இரண்டாவது, சல்பைட் பழைய புட்டியாக இருந்தால் பாதி சல்பேட்டாக மாறியிருக்கும். எடை போட்டு எடுத்தாலும் ஒடுக்கும் திறன் குறைவாகவே இருக்கும். நிறம் வெளுக்காமல் நின்றுவிட்டால் முதலில் அந்தப் புட்டியைச் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, அமிலம் போதாத கரைசலில் தாமிர சல்பைட் உப்புகள் சிவப்பாக இறங்கலாம். சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் முதலிலேயே சேர்த்துவிட்டால் அது வராது.

தாமிர உலோக முறை

எனக்குப் பிடித்தது இது. குப்ரிக் குளோரைடை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, தாமிரச் சீவல் போட்டு, கொதிக்கவிடாமல் நன்றாகச் சூடாக்க வேண்டும். குப்ரிக் ஒன்று, உலோகம் ஒன்று, இரண்டும் சேர்ந்து இரண்டு குப்ரஸ். முன்பு சொன்ன விகிதச்சிதைவு வினையை அப்படியே பின்னோக்கி ஓட்டுகிறோம். அணைவாகப் பிடித்துவைக்க ஏராளமான குளோரைடு இருப்பதால்தான் இது நடக்கிறது.

இந்த முறையில் ஒரு கணக்கு பலர் கண்ணில் படுவதில்லை. 10 கிராம் குப்ரிக் குளோரைடோடு 3.7 கிராம் தாமிரமும் பொருளாக மாறுவதால், வரக்கூடிய அளவு 11.6 கிராம். அதே உப்பிலிருந்து சல்பைட் முறையைவிட இரண்டு மடங்கு. வினை முடிந்ததா என்று அளந்து பார்க்கவும் வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். பச்சை முதலில் கரும்பழுப்பாகும், ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட கறுப்பாகவே தெரியும். பிறகு மெல்ல மெல்லத் தெளியும். குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் வெளிர்மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். கடைசியில் நிறமே போய்விடும். தாமிரத்தைக் கணக்குக்கு மேல் போட்டிருந்தால் கவலையே இல்லை, மிச்சம் அடியில் கிடக்கும், வடித்து எடுத்துவிடலாம். மெல்லிய சீவல் சீக்கிரம் வினைபுரியும். தடித்த துண்டு போட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

தெளிந்த கரைசலை, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் ஊற்றுங்கள். கொதிக்கவைப்பது கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை வெளியேற்றத்தான். 40 மில்லிலிட்டர் அடர் அமிலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதிலும் கொஞ்சம் பொருள் கரைந்துதான் இருக்கும். ஊற்றும் அந்த நொடியைப் பார்க்கத் தனியாக ஒருவரை அழைக்கலாம்: நிறமில்லாத நீர் நிறமில்லாத நீரில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்து பால் போல வெண்மை சுருண்டு பரவும்.

குறை என்றால், சூடான அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் புகை. பியூம் ஹூட், கண்ணாடி, கையுறை எதையும் விட முடியாது. அமிலமும் அதிகம் செலவாகும்.

ஆனால் தூய்மையில் இதை மிஞ்ச மற்றவற்றால் முடியாது. கரைசலில் தாமிரமும் குளோரைடும் அமிலமும் தவிர வேறொன்றும் இல்லை. சல்பேட் இல்லை, சோடியம் இல்லை, கரிமப்பொருள் இல்லை.

அஸ்கார்பிக் அமில முறை

வைட்டமின் சி-தான். 10 கிராம் குப்ரிக் குளோரைடுக்கு 5.2 கிராம் போதும். கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். நச்சு வாயு கிடையாது, சூடாக்க வேண்டாம், பச்சைக் கரைசல் கண் முன்னாலேயே வெளுத்து வெள்ளை இறங்கும். வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கருத்து. கரைசலை அன்றன்றைக்கே தயாரித்துக்கொள்ளுங்கள். அஸ்கார்பிக் அமிலக் கரைசல் காற்றில் தானே கெட்டுப்போகும். சூடாக்கவும் வேண்டாம். குளோரைடு போதாமல் கரைசலும் சூடாக இருந்தால் ஒடுக்கம் குப்ரஸில் நிற்காமல் தாமிரம் வரை போய்விடலாம்.

வினையில் மிஞ்சும் கரிமப்பொருள் தண்ணீரில் கரையக்கூடியதுதான், ஆனால் வீழ்படிவு மென்மையாக இருந்தால் துகள்களுக்கிடையே அது தங்கிவிடும். சரியாகக் கழுவாவிட்டால் காய்ந்த பிறகு லேசான தந்த நிறம் தட்டும். காட்சிக்குப் பரவாயில்லை. வினையூக்கியாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு அது போதாது.

இவை தவிர, குப்ரிக் குளோரைடைக் காற்றில்லாமல் பழுக்கச் சூடாக்கினால் பாதிக் குளோரின் வெளியேறிக் குப்ரஸ் குளோரைடு மிஞ்சும். புரூஸ்ட் செய்தது இதுதான். தொழிற்சாலைகளில் உருகிய நிலையில், 450 முதல் 900 டிகிரி வரை, தாமிரத்தின்மேல் குளோரினை நேராகச் செலுத்துகிறார்கள். குளோரினைக் கையாள முழு ஏற்பாடு உள்ளவர்களுக்கு மட்டுமே இவை. சிறு ஆய்வகத்தில் யோசிக்கவே வேண்டாம்.

கழுவுவதும் காயவைப்பதும்

எந்த முறையில் செய்தாலும் இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குக் கெடுகிறது. என்னுடையது கெட்டதும் இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெறும் தண்ணீரில் கழுவாதீர்கள். அமிலம் முழுதாகப் போய்விட்டால் வீழ்படிவின் மேற்பரப்பு உடனே பச்சைக்குத் திரும்ப ஆரம்பிக்கும். சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிட்டிகை ஒடுக்கியும் சேர்த்த தண்ணீர்தான் சரி. சல்பைட் முறையில் சல்பைட், அஸ்கார்பிக் முறையில் அஸ்கார்பிக் அமிலம். அமிலத்தை அள்ளி ஊற்றினால் பொருள் கரைந்து போகும், நினைவிருக்கட்டும். அப்புறம், உறிஞ்சு வடிகட்டலில் வீழ்படிவின் மேல் எப்போதும் ஓர் அடுக்கு நீர்மம் நிற்க வேண்டும். அது வற்றி, வெடிப்பு விட்டு, காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அந்த வெடிப்பின் ஓரம்தான் முதலில் பச்சையாகும். அடுத்ததை ஊற்றிக்கொண்டே முந்தியதை இழுங்கள்.

தண்ணீரை விரட்டுவது அடுத்த வேலை. முதலில் கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலம், பிறகு எத்தனால், வசதி இருந்தால் கடைசியில் ஈதர். ஒவ்வொன்றும் சிறு அளவில் இரண்டு மூன்று தடவை. ஈதர் பயன்படுத்தும் அறையில் தீயோ சூடான தட்டோ இருக்கக் கூடாது. அசிட்டிக் அமிலத்துக்கு இங்கே இரட்டை வேலை: தண்ணீரையும் எடுக்கும், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குப்ரிக்கையும் கரைத்துக்கொண்டு போகும். உடனே வெற்றிட டெசிகேட்டரில் (காற்றை வெளியேற்றி ஈரம் போக்கும் மூடிய கலன்) வைத்து உலர்த்தி, நைட்ரஜன் நிரப்பிய பழுப்புப் புட்டியில் அடைத்துவிடுங்கள். ஈரமில்லாத பொடி காற்றில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஈரத்தோடு காற்றும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் தாங்காது.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

டையசோனியம் உப்பிலிருந்து (பென்சீன் வளையத்தில் இரண்டு நைட்ரஜன் ஒட்டிய உப்பு) அரைல் குளோரைடு (அதே வளையத்தில் குளோரின் ஒட்டிய சேர்மம்) செய்ய வேண்டும் என்றால், அதாவது 1884-இல் டிராகாட் சான்ட்மேயர் கண்டுபிடித்த வினைக்கு என்றால், தாமிர உலோக முறைதான். தயக்கமே வேண்டாம். காரணம் தூய்மை மட்டும் அல்ல. சல்பைட் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது டையசோனியம் உப்பையே ஒடுக்கி ஹைட்ரசீன் பக்கம் கொண்டுபோய்விடும். அஸ்கார்பிக் அமிலமும் டையசோனியத்தைச் சும்மா விடாது. தாமிர முறையில் அந்த வம்பு இல்லை. அதைவிடப் பெரிய வசதி, தண்ணீரில் ஊற்றவே வேண்டியதில்லை: தெளிந்த அமிலக் கரைசலைக் குளிரவைத்து அப்படியே வினைக்கு எடுத்துக்கொள்ளலாம். வடிகட்டல், கழுவல், உலர்த்தல் எல்லாம் மிச்சம். அரைநாள் வேலையை வீணாகச் செய்துவிட்டு, காய்ந்த பொடியை மறுபடி அதே அமிலத்தில் கரைக்கிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனது கஷ்டப்படுகிறது.

கார்பன் மோனாக்சைடை உறிஞ்சும் கரைசலுக்கும் இதே பதில்தான். குப்ரஸ் குளோரைடின் அமிலக் கரைசல் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். புட்டிக்குள் ஒரு தாமிரக் கம்பியைப் போட்டு வைத்தால், காற்றுப் பட்டு உண்டாகும் குப்ரிக்கை அது மறுபடி குப்ரஸாக்கிக்கொண்டே இருக்கும்.

பலபடியாக்கல் போன்றவற்றில் வினையூக்கியாகக் காய்ந்த பொடி வேண்டும் என்றால், எந்த முறையில் தொடங்குகிறீர்கள் என்பதைவிட அசிட்டிக் அமிலக் கழுவலும் வெற்றிட உலர்த்தலும்தான் முக்கியம். சல்பைட் முறையில் செய்து, ஒருமுறை அடர் அமிலத்தில் கரைத்து மறுபடி வீழ்த்தினால் நல்ல தரம் வரும். நேரடியாகத் தாமிர முறையில் போனால் அந்த ஒரு படி மிச்சம். பியூம் ஹூட் இல்லாத இடத்தில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றால் அஸ்கார்பிக் அமிலம், அதில் யோசனைக்கே இடமில்லை. மயில்துத்தம் மட்டுமே கையில் இருக்கிறது, பியூம் ஹூட்டும் இருக்கிறது என்றால் சல்பைட்.

அலமாரியில் பச்சையேறிய பழைய புட்டி ஒன்று இருந்தால், புதிதாகச் செய்வதற்கு முன் அதைப் பாருங்கள். தூக்கிப் போட வேண்டாம். பச்சையும் வெள்ளையுமாக இருப்பதை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, தாமிரச் சீவல் போட்டுச் சூடாக்கினால் கரும்பழுப்பு தெளிந்து நிறமற்றதாகும். தண்ணீரில் ஊற்றினால் புதுப் பொருள்.

கிடைத்ததைச் சோதிக்க, கடுகளவு எடுத்து அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். நிறமில்லாமல் கரைந்தால் நல்லது. மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் குப்ரிக் இருக்கிறது. அடர் அம்மோனியாவிலும் பார்க்கலாம், ஆனால் அங்கே கை வேகம் வேண்டும், காற்றுப் பட்ட மேற்பரப்பு சில நொடிகளிலேயே நீலமாகிவிடும். அந்த அம்மோனியாக் கரைசலின் அருகே அசிட்டிலீன் வரவே கூடாது. சிவப்பாக இறங்கும் தாமிர அசிட்டிலைடு காய்ந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும். கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்; தாமிரம் மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. ஒரு பெரிய கலனில் சேர்த்து வைத்து, இரும்பு ஆணிகளைப் போட்டு ஒரு நாள் விட்டால் தாமிரம் ஆணிகளின்மேல் சிவப்பாகப் படிந்துவிடும். மேலே நிற்கும் நீர்மத்தை ஆய்வகக் கழிவுக் கலனில் சேருங்கள். ஆணியில் படிந்ததைச் சுரண்டி எடுத்து, ஒட்டிய இரும்பு போக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி வைத்தால், அடுத்த முறை சீவலுக்குப் பதில் அதையே போடலாம்.